ஐந்தரை வரைக்கும்

பன்னிரண்டு சதவீதத்தில் வந்து நின்றுவிட்டது. நிற்கட்டுமே என்று நினைத்தார் வெள்ளியங்கிரி. நினைத்த மாத்திரத்தில், இருபத்திரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் ஏற்றிச் சோறு தின்கிறவன் நினைக்கிற நினைப்பா இது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. கணபதியில் பம்ப்செட் செய்கிற அந்தக் கம்பெனியில் எண்பத்தாறு கம்ப்யூட்டர்கள். மாதம் ஒரு தடவை எண்பத்தாறுக்கும் புதுசு வரும். அதை சர்வரிலிருந்து தள்ளிவிடுவது, ஏறாமல் முரண்டு பிடிக்கிறதை நேரில் போய்த் தடவிக்கொடுத்து ஏற்றுவது, எல்லாம் ஏறியாச்சு என்று மேலே அறிக்கை அனுப்புவது, இதுதான் அவர் வேலை. வெளியே யாருக்கும் இதை விளங்க வைக்க முடியாது. "கம்ப்யூட்டர் ரிப்பேருங்களா?" என்பார்கள். ஆமாம் என்று விட்டுவிடுவார். சனிக்கிழமை மதியம், ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். ஆபீஸ் மொத்தமும் சாப்பிடப் போயிருந்தது. சர்வர் அறையின் ஏ.சி. மட்டும் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. அவருடைய டிபன் பாக்ஸ் ஜன்னல் மேடையில் திறக்காமல் இருந்தது. மேசைமேல் முப்பத்து மூன்றாம் எண் கம்ப்யூட்டர் பெட்டி. பதின்மூன்று மாதமாக அதே மேசைக்கு அடியில், ஒரு பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு, அவர் கால் படுகிற இடத்தில் கிடந்த பெட்டி. துளசிமணி வேலை பார்த்த பெட்டி. துளசிமணி இல்லை. பெட்டி இருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் இதுவும் இருக்காது, அதாவது தகரம் இருக்கும், உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். மேனேஜர் நடேசன் நேற்றுச் சாயங்காலம் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார், "அந்த ஒண்ணுக்கு என்னதான்யா வந்துச்சு? வருஷம் பூரா எண்பத்தஞ்சு, எண்பத்தஞ்சுன்னே அனுப்பறீங்க. தொடச்சு எடுத்துட்டுப் புதுசு ஏத்தி, கேட்டுல செக்யூரிட்டிக்குக் குடுத்துருங்க. நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள முடிஞ்சுரோணும்." சரிங்க சார் என்றார். வேறு என்ன சொல்வது. பழுது என்று பதின்மூன்று மாதமாகச் சொல்லிவந்தார். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை.

பதினான்கு. நகர்ந்துவிட்டது. திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் அந்த எண், அதற்குக் கீழே ரத்து செய்ய ஒரு பொத்தான். நூறு ஆகிறவரைக்கும் பழையது அப்படியே உயிரோடு இருக்கும், திறந்து பார்க்கலாம், நிறுத்தலாம். நூறைத் தொட்டதும் பெட்டி தானே அணைந்து தானே எழுந்திருக்கும், எழும்போது அதற்குப் போன ஜென்மம் ஞாபகம் இருக்காது. ஞாபகம் என்று சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னிடம் எந்த நிமிஷம் என்ன நடந்தது, யார் சொல்லி நடந்தது என்று தானே எழுதி வைத்துக்கொள்ளும். தொழிலில் அதை லாக் என்பார்கள். யாராவது ஒருவர் வந்து, சார் என்னுது தானா அணைஞ்சு போச்சு என்று சத்தியம் செய்தால், வெள்ளியங்கிரி லாக்கைத் திறந்து, அம்மணி, ரெண்டு இருபதுக்கு நீங்கதான் அமுத்தியிருக்கீங்க என்று காட்டுவார். அதில் அவருக்கு ஒரு அற்பச் சந்தோஷம் உண்டு. அப்பேர்ப்பட்டவர் இந்த ஒரு பெட்டியின் லாக்கைத் திறக்கவில்லை. போன வருஷம் கார்த்திகை மாதம், ஒரு வியாழக்கிழமை, நாலு மணியைச் சுற்றி அதில் நாலைந்து வரி இருக்கும். அதைப் படிக்க ஒரு நிமிஷம் ஆகாது. பதின்மூன்று மாதமாக அந்த ஒரு நிமிஷம் அவருக்குக் கிடைக்கவில்லை. இப்போது பதினைந்து. பதினாறு. பசிக்கிறதா என்று யோசித்தார். பசித்தது, ஆனால் வாயில் எதையும் வைக்கத் தோன்றவில்லை. காந்திபுரத்தில் அவளுக்கு என்ன வேலை. வந்துவிட்டது, எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் அந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது, அதுவும் அவர் குரலில் இல்லை, திருமூர்த்தியின் குரலில். திருமூர்த்தி துளசிமணியின் வீட்டுக்காரர்.

துளசிமணி ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவில் இருந்தாள். முப்பத்து நாலு வயது, ஆறாவது படிக்கிற ஒரு பெண், வடவள்ளியில் வீடு. இண்டர்காமில் இருநூற்றுப் பதினாலு. அந்த எண் விளக்கெரிந்து கூப்பிட்டால் வெள்ளியங்கிரி எடுக்கும் முன்னாலேயே சிரிக்கத் தயாராகிவிடுவார். "ஏனுங்ண்ணா, இன்னிக்கு என் பெட்டிக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கிற நாளுங்களா?" என்பாள். அப்டேட்டுக்கு அவள் வைத்த பெயர் அது. குளித்துவிட்டு வந்தால் சொன்ன பேச்சே கேட்க மாட்டேங்குதுங்க, சளி பிடிச்சிருச்சாட்டம் இருக்குதுங்க என்பாள். மற்றவர்கள் அப்டேட் என்றால் அவரைக் கரித்துக்கொட்டுவார்கள், ஏதோ அவர் வீட்டுச் சீராகக் கொண்டுவந்து தலையில் கட்டுகிற மாதிரி. அவள் ஒருத்திதான் கேலி செய்துகொண்டே அனுமதிப்பாள். அப்புறம் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அப்டேட் தள்ளுகிற நாளில் காலை பதினோரு மணிக்குள் யாராவது போன் பண்ணி, இன்னிக்கு என்னுதை விட்டுருங்க, அவசர வேலை இருக்குது என்று சொன்னால், அவர் தன் நோட்டில் பெயரும் நேரமும் எழுதி, அந்தப் பெட்டி எண்ணை சர்வரில் நிறுத்தி வைப்பார். அந்த நோட்டு இதோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நீல அட்டை. அன்றைய பக்கத்தில் ஒரே ஒரு வரிதான், எழுதிய கை அவருடையது. துளசிமணி, 38, ஐந்தரை வரைக்கும் வேண்டாம். பக்கத்தில் ஒரு டிக். டிக் என்றால் நிறுத்தியாயிற்று என்று பொருள். கடமை முடிந்தது என்று பொருள். "அண்ணா, மதுரை டீலருக்குப் போற லிஸ்ட் முழுக்க இன்னிக்கு அடிச்சாகோணும், அஞ்சரைக்கு நம்ம பஸ் எடுக்கற வரைக்கும் அடிச்சாத்தான் முடியும், தொட்டுராதீங்க" என்றாள். சரிம்மா, தொடலை என்றார். தொடலை.

இருபத்தொன்பது. இது வேகமாகப் போகிற பெட்டி, எப்போதுமே நல்ல பெட்டிதான். அதன் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, நடுவில் குங்குமம் கறுத்துப் புள்ளியாக இருந்தது. இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எண்பத்தைந்து பெட்டிக்குப் பொட்டு வைத்தார்கள், இதை யாரும் கூப்பிடவில்லை, துண்டுக்கு அடியில் கிடந்தது. இது போன வருஷத்துச் சந்தனம். எல்லா வினையும் அந்தச் சந்தனத்தில் ஆரம்பித்ததுதான் என்று நினைக்கும்போதே, சாமி மேல் போடுகிறாயா பழியை என்று இன்னொரு குரல் கேட்கிறது. சாமி என்ன செய்யும். ஆயுத பூஜை அன்றைக்கு அந்தக் கம்பெனியில் லேத்துக்கும் டிரில்லுக்கும் பொட்டு வைக்கிற மாதிரி கம்ப்யூட்டருக்கும் வைப்பார்கள், ஆனால் மேசையிலேயே வைத்தால் ஒயரில் தண்ணீர் படும் என்று, பெட்டிகளை மட்டும் கழற்றி, ஹாலில் வரிசையாக அடுக்கி, துடைத்து, பொட்டிட்டு, பொரி வைத்து, கற்பூரம் காட்டி, மறுபடி மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சேர்க்கும்போது ஆளாளுக்குத் தூக்கினார்கள். துளசிமணியின் மேசைக்கு அடியில் இருந்த முப்பத்தெட்டு, பக்கத்து மேசை ஜெசிந்தாவின் காலடிக்குப் போனது. ஜெசிந்தாவின் முப்பத்து மூன்று துளசிமணிக்கு வந்தது. இரண்டு பேருக்குமே தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. யார் எந்தப் பெட்டியில் உட்கார்ந்து பெயரை அடித்தாலும் அவரவர் திரை, அவரவர் பைல், அவரவர் மகள் போட்டோ எல்லாம் வந்து நிற்கிற மாதிரி அமைத்திருந்தார் ஒருவர். அதற்காகப் பொங்கல் விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போர்த்தினார்கள் அவருக்கு. அந்த ஒருவர் இவர்தான், அந்தத் துண்டுதான் பெட்டிமேல் கிடந்த துண்டு. வேறு துண்டு கிடைக்கவில்லையா அன்றைக்கு என்று இப்போது தோன்றியது. முப்பத்து நாலு. அப்புறம் அந்த வியாழக்கிழமை. அவர் நிறுத்தி வைத்தது முப்பத்தெட்டை. ஜெசிந்தா சொந்தக்காரர் கல்யாணத்துக்காக லீவு, அவள் மேசையில் அணைந்து கிடந்த பெட்டியை ஐந்தரை வரைக்கும் தொடாமல் காவல் காத்தது சர்வர். முப்பத்து மூன்றை யாரும் காக்கவில்லை. அது பட்டியலில் வெறும் எண், மற்ற எண்களோடு சேர்ந்து போனது.

இருக்கட்டும், ஆனாலும் அவளே அமுத்தியிருக்கலாம். இதுதான் பதின்மூன்று மாதமாக அவர் ஒதுங்கி நிற்கிற நிழல். மூணே முக்காலுக்குத் திரையில் அறிவிப்பு வந்திருக்கும், இப்போது மறுபடி தொடங்கவா, பிறகு பார்க்கலாமா என்று. லிஸ்ட் முடிந்திருக்கலாம், சரி ஆகட்டும் என்று அவளே அமுத்தியிருக்கலாம். அமுத்தியிருந்தால் அவள் கிளம்பியது அவள் இஷ்டம். அவள் அமுத்தாமல் பெட்டி தானாக அணைந்திருந்தால், அது மறுபடி எழுந்திருக்க அன்றைய அப்டேட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம், சும்மா உட்கார்ந்து என்ன செய்வாள், கிளம்பியிருப்பாள், அப்போது அது யார் இஷ்டம். கம்பெனி பஸ் ஐந்தரைக்கு, நேராக வடவள்ளி. முன்னால் கிளம்பினால் டவுன் பஸ், காந்திபுரத்தில் இறங்கி மாற வேண்டும். நாலே முக்காலுக்குக் காந்திபுரத்தில் ரோட்டைக் கடக்கும்போது ஒரு தண்ணீர் லாரி. அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம், அவளுக்கு அது எவ்வளவு நேரம் ஆயிற்றோ. வெள்ளியங்கிரி அன்றைக்கு நாலு மணிக்குக் கேண்டீனில் இருந்தார். வியாழக்கிழமை போண்டா போடுவார்கள். நாலு போண்டா தின்று, டீ குடித்து, டிரைவர் ஒருத்தரோடு மழை வருமா வராதா என்று பேசிவிட்டு நாலரைக்கு வந்தபோது, இண்டர்காமில் இருநூற்றுப் பதினாலிலிருந்து இரண்டு மிஸ்டு கால். நாலு இரண்டுக்கு ஒன்று, நாலு ஒன்பதுக்கு ஒன்று. திருப்பிக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. எதற்காகவும் கூப்பிட்டிருக்கலாம். பிரிண்டர் சிக்கியிருக்கலாம். அதற்கப்புறம் அவர் போண்டா தின்பதில்லை, அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்.

நாற்பத்தொன்று. திருமூர்த்தி வந்தது அதற்கு ஒன்றரை மாதம் கழித்து, மார்கழியில். ஒரு பஞ்சாலையில் ஃபிட்டர், மெலிந்த உடம்பு, பேசும்போது ஆளைப் பார்க்காமல் ஆளுக்குப் பின்னால் சுவரைப் பார்ப்பார். ஆபீசில் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் பார்க்கறவரு யாருங்க என்று விசாரித்துக்கொண்டு சர்வர் அறைக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார், பெர்மிஷன் சீட்டின் ஜெராக்ஸ். நேரம் நாலே கால், காரணம் சொந்த வேலை, கீழே துளசிமணியின் குண்டு கையெழுத்து. "சொந்த வேலைன்னு எழுதியிருக்காளுங்க. எனக்கு ஒரு போன் பண்ணலீங்க. தெனமும் கம்பெனி பஸ்ஸுலதானுங்க வருவா. காந்திபுரத்துல அவளுக்கு என்னங்க வேலை?" அந்தக் கம்பெனியில் முன்னால் கிளம்புகிற எவரும் சொந்த வேலை என்றுதான் எழுதுவார்கள். பல் வலிக்கும் சொந்த வேலை, மாமியார் வருகைக்கும் சொந்த வேலை, சும்மா அலுத்துப்போய்க் கிளம்பினாலும் சொந்த வேலை. வேறு எதை எழுதினாலும் நடேசன் நாலு கேள்வி கேட்பார், இதை எழுதினால் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். வெளியாளுக்கு இது எப்படித் தெரியும். சொல்லியிருக்கலாம். இதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்ப எதுக்குங்க கிளம்புனா என்று வரும். வெள்ளியங்கிரி தெரியலீங்க என்றார். திருமூர்த்தி அந்தத் தாளின் பின்னால் தன் போன் எண்ணை எழுதி மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி சுவரைப் பார்த்தார். அப்புறம் கேட்டதை நினைத்தால் இப்போதும் வெள்ளியங்கிரிக்கு உடம்பு கூசுகிறது, கேட்டவரை நினைத்து அல்ல. "அவ கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் இருக்குதுங்களா... யாருகூடவாச்சும் பேசுனது கீசுனது... நீங்க பாத்துச் சொன்னா ஆருக்கும் சொல்லமாட்டனுங்க." ஒரு புருஷன் இதைக் கேட்க வாயைத் திறப்பதற்கு எத்தனை ராத்திரி கிடந்து புரண்டிருக்க வேண்டும். "அந்த மாதிரியெல்லாம் திறந்து பார்க்க கம்பெனியில விடமாட்டாங்க" என்றார் வெள்ளியங்கிரி. உண்மைதான், அப்படி ஒரு விதி இருக்கிறது. அந்த விதிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். திருமூர்த்தி அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார், தனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்ட மாதிரி. சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றும் இல்லை என்று சொல்லாமல், பார்க்க விடமாட்டார்கள் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் ஆகும் என்று அவர் படி இறங்கிப் போன பிறகுதான் வெள்ளியங்கிரிக்கு உறைத்தது. கூப்பிட்டிருக்கலாம். படியில் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கீழே போய்ச் சேரும் வரைக்கும் கேட்டது.

ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு. அப்போது அவருக்கு முழுசாகத் தெரியாது என்பதும் நிஜம். முழுசாகத் தெரியாது, பாதி தெரியும். அவள் போன எட்டாம் நாள், அவள் மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். குனிந்து பெட்டியை இழுத்தபோது ஸ்டிக்கரில் முப்பத்து மூன்று என்று இருந்தது. குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். ஜெசிந்தா, அண்ணா இடுப்புப் பிடிச்சிருச்சுங்களா என்று எழுந்து வந்தாள். இல்லைம்மா என்று அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து துண்டைப் போட்டு மூடினார். வந்த வேகத்தில் பட்டியலில் பழுது என்று அடித்தார். அவர் வேலை செய்த காலத்தில் அடித்த முதல் பொய். இரண்டாவது பொய் திருமூர்த்தியிடம். இரண்டுக்கும் நடுவே நாற்பது நாள் இருந்தது, யோசிக்க நேரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. என்ன பயம் என்று கேட்டால் அதைச் சொல்லவும் தெரியவில்லை. வேலை போகாது. போலீஸ் வராது. தப்பு என்றுகூட யாரும் சொல்ல மாட்டார்கள், நோட்டைக் காட்டினால் போதும், டிக் போட்டிருக்கிறது, பூஜைக்குப் பெட்டி மாறினால் நீங்க என்ன பண்ணுவீங்க என்று நடேசனே முதுகில் தட்டுவார். அந்தத் தட்டுத்தான் பயமோ என்னவோ. அல்லது திருமூர்த்தி முதல் தடவையாகச் சுவரை விட்டு இவர் முகத்தைப் பார்ப்பாரே, அது. மனசு ஒரு செக்குமாடு, சுற்றிச் சுற்றி அதே தடத்தில் வருகிறது. இருந்தாலும் ஒன்று, அவள் எங்கே போனாள் என்று நிஜமாகவே யாருக்குத் தெரியும், சொந்த வேலை இருந்திருந்தாலும் இருந்திருக்கலாமே. இப்படி ஒரு நினைப்பு போன மாதம் ஒருநாள் பல் துலக்கும்போது அவருக்கு வந்தது. வந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கண்ணாடியைப் பார்க்காமல் வெளியே வந்தார். தான் தப்பிப்பதற்காக அவளை, எண்ணெய் தேச்சுக் குளிக்கிற நாளுங்களாண்ணா என்று கேட்ட பிள்ளையை, எங்கே கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தோம் என்று அன்றைக்கு முழுக்க வெட்கமாக இருந்தது.

இன்று காலை ஜெசிந்தா சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டே நூறு ஆவதைப் பார்த்திருப்பார். பிரிண்டருக்கு மை மாற்றப் போனவரிடம் அவள் தணிந்த குரலில் சொன்னாள். "துளசியோட மொதல் திதி போன மாசமாமுங்ண்ணா. அவங்கம்மா வீட்டுல மட்டுந்தான் கும்பிட்டாங்களாம். அவரு போட்டோகூட மாட்டலையாம். அந்தப் புள்ளைய ஸ்கூல்ல ஆரோ என்னமோ கேட்டுட்டாங்களாம், உங்கம்மா எங்க போகையில செத்துச்சுன்னு. புள்ள வந்து அப்பாகிட்டக் கேட்டிருக்குது. அவரு ஒன்னுமே சொல்லாம எந்திரிச்சு வெளிய போயிட்டாராம்." வெள்ளியங்கிரி மையை மாற்றினார். விரலில் கறுப்பு அப்பிக்கொண்டது. ஜெசிந்தா துடைக்கத் துணி கொடுத்தாள். "நம்ம துளசியப் போயிங்ண்ணா" என்றாள். அவர் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இப்போதும் பார்த்தார், நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. எழுபத்து மூன்று. எழுபத்து நாலு. எங்க போகையில. ஆறாவது படிக்கிற பிள்ளை, இப்போது ஏழாவது. துளசிமணியின் திரையில் இருந்த பழைய போட்டோவில் அதற்கு இரட்டைச் சடை, முன்பல் இரண்டு விழுந்திருந்தது, இப்போது முளைத்திருக்கும். அந்தப் போட்டோ அவள் பெயரை அடித்தால் சர்வரிலிருந்து வரும், எந்தப் பெட்டியில் அடித்தாலும் வரும். அவள் பெயரை அவர்தான் சர்வரிலிருந்து எடுத்தார். அதுவும் அவர் வேலைதான்.

எண்பத்தொன்று. கை மவுஸைத் தொட்டது. எடுத்துவிட்டார். நோட்டைத் திறந்தார். ஐந்தரை வரைக்கும் வேண்டாம். இந்த வரியைப் பதின்மூன்று மாதமாகத் தன்னைக் காப்பாற்றுகிற வரியாகத்தான் பார்த்திருக்கிறார். இப்போது அது வேறு மாதிரி தெரிந்தது. நாலு மணிக்கு நைசாகக் கிளம்பப் போகிறவள், காலை பதினோரு மணிக்குப் போன் பண்ணி ஐந்தரை வரைக்கும் என் பெட்டியைத் தொடாதீர்கள் என்று கெஞ்சுவாளா. கம்பெனி பஸ்ஸில் போகிறவரைக்கும் அடிக்க வேண்டும் என்று சொன்னாளே. இது அவருக்கான சாட்சி இல்லை. இது அவளுக்கான சாட்சி, இத்தனை நாளும் இவர் மேசையில், இவர் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. இது பாதி. மீதிப் பாதி பெட்டிக்குள் இருக்கிறது. எண்பத்தாறு. இதோ இந்த எண்ணிக்கையைத்தானே மாதாமாதம் மேலே அனுப்பப் பாடுபட்டார், எண்பத்தாறுக்கு எண்பத்தாறு. எண்பத்தெட்டு. ரத்து பொத்தானை அவர் அமுத்தவில்லை. லாக்கைத் திறந்தார். பழைய தேதிக்குப் போவதற்கு உருட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும் என்று நினைத்தார், அவ்வளவு தூரம் இல்லை, பதின்மூன்று மாதமாக அணைந்து கிடந்த பெட்டிக்கு நேற்று என்பதே அந்த நவம்பர்தான்.

மூன்று நாற்பத்தொன்று, மறுபடி தொடங்கவா என்ற அறிவிப்பு. பயனர் துளசிமணி, பிறகு. மூன்று ஐம்பத்தாறு, அறிவிப்பு. பயனர் துளசிமணி, பிறகு. அதற்கப்புறம் அறிவிப்பு இல்லை. இரண்டு தடவைக்குமேல் பிறகு என்று சொல்லும் வழியை அவர்தான் அடைத்திருந்தார். முன்பு ஐந்து தடவை சொல்லலாம். ஆளாளுக்குப் பிறகு பிறகு என்று தள்ளிப்போடுகிறார்கள் என்று அதற்கு முந்தின மாதம் அவர்தான் இரண்டாகக் குறைத்தார், குறைத்ததைப் பெருமையாக அறிக்கையிலும் எழுதினார். நாலு இரண்டுக்கு அவள் இண்டர்காமில் கூப்பிட்டாள். நாலு ஒன்பதுக்குக் கூப்பிட்டாள். நாலு பதினொன்றுக்குப் பெட்டி அணைந்தது. அதற்கு நேரே, யார் சொல்லி என்ற இடத்தில், ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், அவருடைய பெயர். வெள்ளியங்கிரி. சர்வர் என்று போடும் என்று எதிர்பார்த்தார், எந்திரத்தின் பெயரைப் போடும் என்று. அது அவர் பெயரைத்தான் போட்டிருந்தது, அவர் பெயரில்தானே அன்றைக்குத் தள்ளினார். எவ்வளவோ பேருக்கு லாக்கைத் திறந்து, நீங்கதான் அமுத்தியிருக்கீங்க அம்மணி என்று காட்டியிருக்கிறார். அவருக்கு யாரும் காட்டவில்லை. தொண்ணூற்று நாலு. அவருக்கு அழுகை வந்தது. ஐம்பத்தொரு வயதில், ஏ.சி. சத்தத்துக்கு நடுவில், ஒருத்தி இரண்டு தடவை பிறகு என்று சொன்னதையும் இரண்டு தடவை போன் அடித்ததையும் நினைத்து அழுதார். அழுதுகொண்டே செல்போனை எடுத்து அந்த வரிகளைப் படம் பிடித்தார். படம் கலங்கலாக இருந்தது, மறுபடி பிடித்தார். நோட்டின் பக்கத்தையும் பிடித்தார். தொண்ணூற்று ஒன்பதில் கொஞ்சம் நின்றது, எல்லாப் பெட்டியும் அங்கே கொஞ்சம் நிற்கும். அப்புறம் நூறு. திரை கறுத்தது.

திருமூர்த்தியின் எண் அவரிடம் இருந்தது. மார்கழியில் அந்த ஜெராக்ஸின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார், ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க என்று. மணி ஒன்று முப்பத்தைந்து. சனிக்கிழமை, வீட்டில் இருப்பாரோ மாட்டாரோ, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்காவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது, பிறகு என்ற பொத்தான் அது, அதை இரண்டு தடவைக்குமேல் அமுத்தியாயிற்று. "ஆருங்க?" என்றது குரல்.

"கம்பெனியிலிருந்து வெள்ளியங்கிரிங்க. கம்ப்யூட்டர்..."

"ம்."

"அன்னைக்கு நீங்க கேட்டீங்கல்லங்க, தெரியலைன்னேன். தெரியுமுங்க." நோட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "அவங்க கம்ப்யூட்டர அன்னைக்கு நாலு பதினொன்னுக்கு நிறுத்துனது நானுங்க. தெரியாமப் பண்ணுனது, ஆனா நான்தானுங்க. அஞ்சரை வரைக்கும் வேலை இருக்குது, தொட்டுராதீங்கன்னு காலையிலயே சொல்லியிருந்தாங்க. நான் எழுதி வெச்ச நோட்டு இருக்குதுங்க. பெட்டி மாறிப்போச்சு, பூசையில. அவங்க ரெண்டு தடவ வேண்டாம்னு அமுத்தியிருக்காங்க. எனக்கும் ரெண்டு தடவ போன் பண்ணியிருக்காங்க, நான் எடுக்கலீங்க. அது நின்னுபோனா மறுபடி வர ஒன்னேகால் மணி நேரம் ஆகுமுங்க. அதனாலதான் கிளம்பிட்டாங்க. சொந்த வேலைங்கறது இங்க எல்லாரும் எழுதறதுங்க. நானும் அப்படித்தான் எழுதுவேன். வேற ஒன்னுமே இல்லீங்க."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம், தூரத்தில் ஒரு பிள்ளை எதையோ ராகம் போட்டுப் படிக்கிற சத்தம். வெள்ளியங்கிரி காத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். மேசைமேல் பெட்டி தானே எழுந்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றது.

"அப்ப" என்றார் திருமூர்த்தி. நிறுத்தினார். "அப்ப ஊட்டுக்குத்தான் வந்துட்டிருந்தாளுங்களா?"

"ஆமாங்க."

"நான் கேட்டனே அன்னைக்கு உங்ககிட்ட."

"கேட்டீங்க."

அப்புறம் குரல் போனை விட்டு விலகிப் போனது, போன் அணையவில்லை. "பாப்பா" என்று கூப்பிட்டார் திருமூர்த்தி. "பொஸ்தகத்த வெச்சுட்டு இங்க வா சாமி. இங்க வா." ராகம் நின்றது. "அம்மா எங்க போகையிலன்னு கேட்டியே. நம்ம ஊட்டுக்குத்தான் கண்ணு வந்துட்டிருந்தா." பிள்ளை என்னமோ கேட்டது, என்னவென்று இங்கே கேட்கவில்லை. வெள்ளியங்கிரி போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.